முகத்தில் வெட்டு விழுந்த பொற்காசுகள்

சரவணா, கல்யாணப் பத்திரிகை மாதிரியை நீ அனுப்பியதும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். உன் அப்பா பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று சரியாகப் போட்டிருக்கிறது. தாய்மாமன் பெயர் இருக்கிறது. சுமாவின் வீட்டு ஆட்கள் பெயரெல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் அழகாக வந்திருக்கிறது. உன் பெரியப்பா பெயர் மட்டும் இல்லை. அச்சுக்காரர் விட்டுவிட்டாரோ என்று போன் செய்தால், நீ சாதாரணமாகச் சொல்கிறாய்: "நான்தாம்மா எடுக்கச் சொன்னேன். நம்ம நெலத்துல கெடைச்சதைத் தின்னவர் பேரு என் பத்திரிகையில எதுக்கு?" பக்கத்தில் சுமா இருந்தாள் போல. "யாருங்க அது?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. நீ பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாய். திருப்பிக் கூப்பிட்டால் பாதியில் வெட்டிவிடுவாய் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். சுமாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி. அவளும் இந்த வீட்டுக்கு வருகிறவள்தான்.

உனக்குத் தெரிந்தது ஊர் சொன்ன கதை. நம் காட்டில் தங்கக் காசுப் பானை கிடைத்தது, பெரியப்பா அதைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஓடினார், ஓடும்போது விழுந்து கால் ஒடிந்தது, பெயருக்குக் கொஞ்சம் காசைச் சர்க்காரிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை மறைத்துவிட்டார். நீ அப்போது சென்னையில் கடைசி வருடப் பரீட்சையில் இருந்தாய். வந்து கேட்டபோது "வண்டியிலிருந்து விழுந்துட்டாருப்பா" என்றுதான் நானும் சொன்னேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்தச் சத்தியத்தை இன்று நான் உடைக்கிறேன்.

மலையடிவாரத்தில் இருக்கும் நிலம் உன் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுப் பட்டா. அப்பா போன பிறகு இரண்டு பங்கையும் பெரியப்பாதான் பார்த்தார். அந்த மாசி மாதம் கிணறு காய்ந்ததால் பண்ணைக்குட்டை வெட்டலாம் என்று ஜேசிபி கூப்பிட்டிருந்தார். வெளியூர் டிரைவர். நான் டீ கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தேன். வண்டியின் பல் மண்ணை வாரி எடுத்தபோது சட்டி உடைகிற சத்தம் கேட்டது. பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிக் குழிக்குள் இறங்கினார். கழுத்து மட்டும் உடைந்த சின்ன மண்பானை. உள்ளே மண்ணோடு மண்ணாக வட்ட வட்டமாக ஏதோ இருந்தது. சட்டைப் பித்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ஒன்றை எடுத்து எச்சில் தொட்டு வேட்டியில் துடைத்தார். மஞ்சளாக மின்னியது. அதில் ஓர் ஆளின் பக்கவாட்டு முகம், நீண்ட மூக்கு, தலையில் இலை வைத்தது போல ஏதோ. அந்த முகத்தின் குறுக்கே உளியால் போட்டது போல ஆழமாக ஒரு வெட்டு. அடுத்ததை எடுத்தார். அதிலும் வெட்டு. "யாரோ வெட்டிப் பொதைச்சிருக்காங்க மாமா, இது நமக்கு வேண்டாம்" என்றேன். அவர் மூன்றாவதை எடுத்துத் துடைத்தார். டிரைவர் வண்டியை விட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டான். "எனக்கும் ஒண்ணு குடுத்துருங்க, நான் எதையும் பாக்கலை" என்றான். பெரியப்பா கொடுத்தார். வினை அந்த ஒரு காசில்தான் வந்தது.

பானையைப் பெரியப்பா வீட்டு ராகி டிரம்முக்குள் வைத்தோம். எனக்கும் உன் பெரியம்மாவுக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஆசை இல்லாமலில்லை கண்ணு. உனக்கு வரப்போகிற பெண்ணுக்கு அதில் ஒரு வளையல் செய்யலாம் என்று நானும் மனதில் அளந்து பார்த்தேன். "நம்ம மண்ணுல வந்தது நம்முளுதுதான். திருவிழா முடியட்டும், தெரிஞ்ச பத்தர் ஒருத்தர் இருக்காரு, உருக்கிக்கலாம்" என்றார் பெரியப்பா. உருக்கியிருந்தால் அந்த முகமெல்லாம் ஒரே கட்டியாகப் போயிருக்கும்.

திருவிழாவுக்கு முன்னாலேயே ஒரு மத்தியானம் வெள்ளைக் கார் ஒன்று பெரியப்பா வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் அப்போது அங்கே புளி தட்டிக்கொண்டிருந்தேன். இறங்கியவர் இஸ்திரி போட்ட சட்டைக்காரர், நல்ல மரியாதை. தமிழ்தான் பேசினார், நடுநடுவே கன்னடம் வந்தது. மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு டிரைவர் கொண்டுபோன காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது யாருன்னு தெரியுமாங்க? ரோம் நாட்டு ராஜா. நம்ம மிளகும் மணியும் வாங்கறதுக்குக் கப்பல்ல வந்த காசு. எடை போட்டு விக்கற சாமான் இல்லைங்க இது. தப்பித் தவறி உருக்கிடாதீங்க." ஏதோ நம் நல்லதுக்குச் சொல்கிறவர் போலத்தான் இருந்தது. பெரியப்பா, "அது எங்களுதில்லைங்க, அந்த டிரைவர் எங்கே எடுத்தானோ" என்றார்.

வந்தவர் சிரித்தார். கோபமே படவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். "தம்பி சென்னையில நல்லா படிக்கறாருங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். போனில் உன் படம். காலேஜுக்கு எதிர் டீக்கடையில், நீல டீ-சர்ட்டில், கையில் கிளாஸோடு நீ நின்றுகொண்டிருந்தாய். நீயே எங்கோ போட்ட படமா, யாராவது எடுத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்கவும் முடியவில்லை. "வயசுப் பையன். பஸ்ஸுலயும் ரயில்லயும் தனியா வர்றவரு. நாளைக்கு மத்தியானம் வர்றேங்க. எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டார். கார் போய்விட்டது. ஆனால் அவரோடு வந்த ஒருவன் போகவில்லை. ரோட்டு முனையில் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

என் கை புளிச்சட்டியிலேயே இருந்தது, எடுக்க முடியவில்லை. "குடுத்துருங்க மாமா. பானையோட குடுத்துருங்க. எனக்கு என் புள்ளை போதும்" என்று அழுதேன். பெரியப்பா வாசல் வரை போய் ரோட்டு முனையில் நின்றவனைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சொன்னதை இன்றும் அவர் குரலிலேயே கேட்கிறேன். "குடுத்தா போயிருவான்னு நெனைக்கறியா? இன்னும் ஒளிச்சு வெச்சிருக்கேன்னு மறுபடியும் வருவான். ஏமாத்திட்டேன்னு புள்ளை மேல கை வெப்பான். இது நம்ம வூட்டுல இருந்தாலும் ஆபத்து, அவன்கிட்டப் போனாலும் ஆபத்து. நம்மகிட்ட இல்லைன்னு ஊருக்கே தெரியற எடத்துல இருந்தாத்தான் அவன் விடுவான்." தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிடலாம் என்றார். போன் பண்ணிச் சொன்னால் யார் நம்புவார்கள்? போலீஸ் ஜீப் வந்தால் வாசலில் நிற்கிறவன் அதற்கு முன்னால் என்ன செய்வானோ? இத்தனை நாள் வைத்திருந்தீர்களே என்று நம்மையே பிடித்து வைத்தால்? எல்லாவற்றையும் பேசினோம். நாமே கொண்டுபோய்க் கையில் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆனால் வாசலைத் தாண்டி எப்படிக் கொண்டுபோவது?

வழி சொன்னது உன் பெரியம்மா. அதிகம் பேசாதவள், என் மடியில் இருந்த புளிச்சட்டியைக் காட்டி, "இதுக்குள்ளயே வெச்சுருங்களேன்" என்றாள். நாங்கள் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். கொட்டை எடுத்த புளியில் உப்புத் தூவி, ஒவ்வொரு காசாக உள்ளே வைத்து அழுத்தி உருண்டை பிடித்தோம். காசில்லாத உருண்டைகளும் கலந்து வைத்தோம். கூடை நிறைந்தது. அதை நான் தூக்கிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா ஆபீசுக்கு டவுன் பஸ்ஸில் போக வேண்டும். சந்தைக்குப் புளி கொண்டுபோகிறவள் எவளையும் போல. வெறும் பானையில் மண்ணை நிரப்பித் துணியில் சுற்றி டிவிஎஸ் வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பெரியப்பா வேறு திசையில் மொரப்பூர் ரோட்டில் போக வேண்டும். இது அவர் யோசனை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. "பிடிச்சா அடிப்பாங்க மாமா" என்றேன். "என்னை நிறுத்துனா பானையைப் பாப்பாங்க. அந்நேரத்துக்கு நீ ஆபீசுக்குள்ள இருப்பே. கெளம்பும்மா" என்றார். பெரியம்மா அவர் நெற்றியில் திருநீறு வைத்தாள்.

மறுநாள் காலை பெரியப்பா வண்டியை உதைத்துக் கிளப்பினார். முனையில் நின்றவன் போனைக் காதில் வைத்தபடி பைக்கில் அவர் பின்னால் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகுதான் கூடையை எடுத்தேன். பஸ்ஸில் கூட்டம். கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஓர் ஆள் நேராக என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். எனக்குத் தெரியாத முகம். குனிந்து கூடையைப் பார்த்தான். "புது புளியாக்கா?" என்றான். தலையை ஆட்டினேன். அவன் கையை விட்டு ஓர் உருண்டையை எடுத்து மோந்து பார்த்தான், பிய்க்கப் போனான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. எழுந்து அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "கேக்காம கொள்ளாம கை வெக்கறே? உங்க ஆத்தா இப்படித்தான் வளத்தாளா? இது கடைக்குப் பேசி வெச்ச புளி!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். உருண்டை மறுபடி கூடையில் விழுந்தது. கண்டக்டர், "ஏம்ப்பா, பொம்பளைங்க சாமான்ல கை வெக்கற?" என்றார். அவன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான். அவன் அவர்களுடைய ஆளா, நாக்கு ஊறி எடுத்த அப்பாவியா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பாவியாக இருந்தால் அவன் அம்மாவை நான் சும்மா இழுத்தேன், கடவுள் மன்னிக்கட்டும்.

தாலுகா ஆபீசில் புளிக்கூடையோடு உள்ளே போனால் யார் விடுவார்கள்? "சந்தை அந்தப் பக்கம்மா" என்றார் வாசலில் இருந்தவர். "தாசில்தாரைப் பாக்காம போக மாட்டேன்" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு தாசில்தார் அம்மாவே வெளியே வந்தார். "தனியாச் சொல்லணும்" என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் இருந்த காகிதத்தையெல்லாம் நகர்த்திவிட்டு ஓர் உருண்டையைப் பிட்டு வைத்தேன். பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டே இருந்தேன். புளியும் உப்பும் ராத்திரி முழுக்க ஊறியதில் அழுக்கெல்லாம் விட்டு, அன்றைக்கு அடித்த காசு போல அவை பளபளவென்று வந்தன. அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எங்க மூத்தார் மொரப்பூர் ரோட்டுல போறாருங்க. அவர் பின்னால ஆளுங்க போறாங்க. முதல்ல அவரைப் பாருங்க" என்றேன். உடனே போலீசுக்குப் போன் போட்டார்.

அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. ஏரிக்கரை வளைவில் அந்த வெள்ளைக் கார் குறுக்கே நின்றிருக்கிறது. பானையைப் பிடுங்கிக் கவிழ்த்திருக்கிறார்கள். மண்தான் கொட்டியது. "காசு எங்கே?" என்று கேட்டுக் கேட்டு இரும்புக் கம்பியால் முழங்காலில் அடித்திருக்கிறார்கள். பஸ் எத்தனை தூரம் போயிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வாயைத் திறக்காமல் கிடந்ததாகப் பெரியப்பா பின்னால் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி அவர் பேசியதில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கூச்சல் போட்டு ஓடி வந்ததும் கார் கிளம்பிவிட்டது. வந்தவர்கள் பார்த்தது என்ன? ரோட்டில் உடைந்த பழைய பானை. பக்கத்தில் கால் ஒடிந்து கிடக்கிற உன் பெரியப்பா. பானையோடு ஓடினார் என்ற கதை அங்கேதான் பிறந்தது. போலீஸ் தேடினார்கள், கார் மாநில எல்லையைத் தாண்டிவிட்டது என்றார்கள். எனக்குத் தெரிந்து யாரும் அகப்படவில்லை. எங்கள் பாதுகாப்புக்காகத்தான் யார் எப்படிக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பதை வெளியே விட வேண்டாம் என்று ஆபீசில் சொன்னார்கள். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. காசு சர்க்காரிடம் வந்துவிட்டது என்பது மட்டும் பேப்பரில் வந்தது, அதன் பிறகு அந்தக் கார் நம் பக்கம் வரவில்லை. ஊர் தன் இஷ்டத்துக்குப் பேசியது.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் கேட்டது, "சேந்துருச்சா?" என்று. சேர்ந்துவிட்டது என்றேன். அடுத்த கேள்வி, "புள்ளைகிட்டப் பேசினியா?" பேசினேன், பரீட்சைக்குப் படிக்கிறான் என்றேன். "அவனுக்குத் தெரியக் கூடாது. கேட்டா ரத்தம் கொதிச்சு அவனுங்களைத் தேடிக்கிட்டுப் போவான். அவங்க அப்பன் மாதிரி அவசரக்காரன். சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினார். டிரிப்ஸ் ஊசி ஏறியிருந்த கை. அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். நீ ஊருக்கு வந்து அவரைப் பார்க்காமலே திரும்பிப் போனபோதெல்லாம் அந்தச் சத்தியத்துக்காகத்தான் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ டீக்கடையில் அவரை வைத்துக்கொண்டே "திருட்டுக் காசு செரிக்குமா" என்று சொன்னாயாமே. அன்றைக்கு நான் அவர் வீட்டுக்கு ஓடினேன், சொல்லிவிடலாம் என்று. "இருக்கட்டும்மா. கோவமா இருந்தாலும் உசுரோட இருக்கான்ல?" என்றார்.

பிறகொரு நாள் தொல்லியல் துறையிலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள். காசு கிடைத்த இடத்தைப் பார்த்துவிட்டு பெரியப்பா வீட்டில் சாப்பிட்டாள். அந்த வெட்டு ஏன் என்று நான் கேட்டேன், மனதை அரித்துக்கொண்டே இருந்ததால். நிச்சயமாக யாருக்கும் தெரியாதும்மா என்றாள். உள்ளே நல்ல தங்கமா என்று சோதிக்க வெட்டியிருக்கலாம். அந்நிய ராஜாவின் செல்வாக்கு இந்த மண்ணில் செல்லாது, அவன் தங்கம் மட்டும் செல்லும் என்று முகத்தைக் குலைத்திருக்கலாம். நம் நாட்டுப் பழைய வெள்ளிக் காசில் முகமே கிடையாதாம். சூரியன், குன்று, மரம் என்று சின்னச் சின்ன முத்திரைதான் குத்துவார்களாம். ராஜா முகத்தைப் போடும் பழக்கம் வடமேற்கே கிரேக்க ராஜாக்களோடு வந்ததாம். தெற்கே ரோமக் காசைப் பார்த்துவிட்டுச் சேர ராஜா ஒருவர்கூடத் தன் முகத்தைப் போட்டு வெள்ளிக் காசு அடித்தாராம். நம் பானையிலேயே சில காசுகள் ரோமில் அடித்தவை இல்லை என்றாள். இங்கேயே யாரோ ஒரு தட்டான் பார்த்துச் செய்தவை. அவனுக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது, கோடு கோடாக எழுத்து மாதிரி போட்டிருக்கிறான். "அப்ப கள்ளக் காசா?" என்று பெரியப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டார். "அப்படிச் சொல்ல முடியாதுங்கய்யா. தங்கம் நல்ல தங்கம்தான்" என்றாள். அவர் சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதை உனக்கு ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், நாளைக்கு நீ ஒரு குடும்பத்துக்குத் தலைவன். சுமா வேறு பாஷை பேசும் வீட்டிலிருந்து வருகிறாள். அவளைப் பற்றியும் நம் ஊர் பேசும். அவள் வீட்டார் உன்னைப் பற்றிப் பேசுவார்கள். காதில் விழுவதையெல்லாம் வைத்து ஆளை அளக்காதே. யாரைப் பற்றியாவது கெட்டது கேட்டால், அந்த ஆளின் வாசலில் போய் நின்று ஒரு முறை கேள். அவர் பதில் சொல்லாமல் இருந்தால், சொல்லாததற்கும் ஏதோ காரணம் இருக்கும் என்று கொஞ்சம் காத்திரு. நீ ஒரு முறை வந்து நேராகக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார்தான். ஆனால் அவர் நடப்பதைப் பார்த்திருப்பாய். வண்டியிலிருந்து விழுந்தவன் முழங்காலில் அத்தனை தையல் இருக்காது என்று உனக்கே தெரிந்திருக்கும்.

நேற்று அவரிடம் போய், எல்லாவற்றையும் உனக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னேன். கோபப்பட்டார். "கல்யாண நேரத்துல அவன் மனசைக் கெடுக்காதே. பேரு போடலைன்னா என்ன கொறைஞ்சுது? நான் சமையக்கட்டுப் பக்கம் இருந்து பந்தியைப் பாத்துக்கறேன்" என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து, "அவரு பேச்சைக் கேக்காதே, எழுது" என்றாள்.

பத்திரிகையைத் திருத்துவது உன் வேலை, அதை நான் சொல்லப் போவதில்லை. என் வேலையை நான் செய்துவிட்டேன். காலையில் மண்டபத்துக்காரருக்குப் போன் செய்தேன். பெரியப்பாவால் காலை மடக்கித் தரையில் உட்கார முடியாது. மணமேடையில் ஒரு நாற்காலி வேண்டும் என்றேன். மேடையில் நாற்காலி போட்டால் போட்டோ நன்றாக வராதே, யாருக்கும்மா என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு அப்பா இடத்தில் உட்காருகிறவருக்கு என்றேன்.

அம்மா